பாட்டைக் களையலாம்... பாட்டியின் குரல் போய்விடக் கூடாது!

சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடத் தெரிந்த பெரம்பலூர்ப் பெண்களுக்குச் செல்போனைச் சுத்தம் செய்யச் சொல்லித்தர வேண்டுமா என்ன! தாள் நீக்கி, காயவைத்து, அழுகலையும் அடிபட்டதையும் பொறுக்கி எறிந்த பிறகுதானே பட்டறையில் ஏற்றுகிறீர்கள்? அவசரத்தில் நல்ல காயைத் தூக்கி எறிந்தாலும் நஷ்டம். அழுகலை விட்டுவைத்தாலும் நஷ்டம். போனில் சேர்ந்துபோன பாட்டுக் குப்பையை அள்ளவும் அதே பொறுமைதான் வேண்டும், சகோதரிகளே. ஒரே ஒரு வித்தியாசம். தவறி எறிந்த வெங்காயம் குப்பைமேட்டிலாவது கிடக்கும். போனில் தவறி அழித்த குரல் எங்கேயும் கிடக்காது.

"இடம் போதவில்லை" என்று போன் மக்கர் பண்ணுவதற்கென்றே ஒரு நாள் வரும் பாருங்கள். அன்றைக்குத்தான் குழந்தை முதல் அடி எடுத்து வைத்திருக்கும்! லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் எத்தனையோ வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். "பாப்பா நடக்கிறதை வீடியோ எடுத்து அனுப்பக் கூடாதா?" என்று அங்கிருந்து ஆசையாய்க் கேட்டால், "எடுக்கத்தாங்க போனேன், போன்ல இடமில்லைன்னு நின்னுபோச்சு" என்று இங்கிருந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன பரிதாபம்!

அந்த இடத்தையெல்லாம் யார் பிடித்துக்கொண்டார்கள் என்று தேடினால், நாம் ஒரு நாளும் கேட்டிராத பாட்டுக்கள்! நூற்றுக்கணக்கில்!

எப்படி வந்தன? போன் வாங்கிய கடையிலேயே மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். கொழுந்தனார் தன் போனிலிருந்து ஒரு கட்டு அனுப்பியிருப்பார். இப்படிக் கைக்குக் கை பாட்டு மாற்றிய ஷேர்இட், ஜெண்டர் இரண்டையும் மத்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடை செய்துவிட்டது. ஆனால் அவை கொண்டுவந்து கொட்டிய பாட்டுக்கள் பழைய போன்களிலிருந்து தாமாகவா போகும்? இவை எல்லாவற்றையும் விடப் பெரிய வாசல் வாட்ஸ்அப். வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், சொந்தக்காரர் குழுவில் ஓர் அம்மன் பாட்டு. அதே பாட்டு தெருக் குழுவிலும், பள்ளிக்கூடத் தாய்மார் குழுவிலும் வரும். ஒரே பாட்டு மூன்று தடவை இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அம்மன் மேல் நமக்குப் பக்தி இல்லாமல் இல்லை. மூன்று பிரதி எதற்கு?

கணக்குப் பார்ப்போமே. சாதாரணத் தரத்தில் பதிந்த ஒரு பாட்டு நிமிஷத்துக்குச் சுமார் 1 எம்.பி. பிடிக்கும். ஐந்து நிமிஷப் பாட்டுக்கு 5 எம்.பி. உயர்ந்த தரம் என்றால் அதே பாட்டு 12 எம்.பி. ஆகும். இருநூறு சாதாரணப் பாட்டு சேர்ந்தால் ஒரு ஜி.பி. போச்சு. 32 ஜி.பி. போனில் கணிசமான பங்கைப் போனே தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் நாம் எவ்வளவுதான் குடித்தனம் பண்ணுவது!

கேட்காமல் பாட்டு வந்து விழும் தொல்லை நமக்கு மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் கம்பெனி, 'யூ டூ' என்ற அயர்லாந்துக் குழுவின் புது ஆல்பத்தை, ஐம்பது கோடி வாடிக்கையாளர் கணக்குகளில் இலவசமாகச் சேர்த்துவிட்டது. இனாம்தானே என்று யாரும் மகிழவில்லை. "என் போனில் என்னைக் கேட்காமல் எப்படி?" என்று ஒரே ரகளை. ஒரே வாரத்தில், அந்த ஆல்பத்தை நீக்குவதற்கென்றே தனி வழி செய்துகொடுக்க வேண்டியதாயிற்று. பாடகர் போனோ மன்னிப்பே கேட்டார். நம் சொந்தக்காரர் குழுவில் அந்த அளவுக்குச் சண்டை போட முடியாது. போட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாதே! ஆகவே நாமே சத்தமில்லாமல் களைந்துகொள்வோம்.

களையுமுன் ஒரு ஆபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

போனுக்குப் பாட்டு என்றும் பேச்சு என்றும் பேதம் கிடையாது. காதால் கேட்கும் எல்லாமே அதற்கு 'ஆடியோ'. ஊரிலிருந்து அம்மா "சாப்பிட்டியாடி, புள்ளைக்கு சளி தேவலையா?" என்று அனுப்பிய குரல், மாமியார் பேத்திக்குப் பாடிய தாலாட்டு, மறைந்த அப்பா எப்போதோ பேசிப் பதிந்தது, எல்லாம் அந்த ஒரே பட்டியலில், சினிமாக் குத்துப் பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். "எல்லாத்தையும் அழிச்சுத் தாடா" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் போனை நீட்டினால், அவன் அரை நிமிஷத்தில் சுத்தமாக அழித்துக் கொடுத்துவிடுவான். அவன் மேல் தப்பில்லை. அது யார் குரல் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. குரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகையால் வேலையை நீங்களே செய்யுங்கள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, குழந்தை தூங்கும் அரை மணி நேரம் போதும்.

முதல் காரியம், வேண்டிய குரல்களைப் பத்திரப்படுத்துவது. வாட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் வந்த இடத்தில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால், மேலே நட்சத்திரக் குறி தெரியும், தொட்டுவிடுங்கள். பின்னால் தேடி எடுக்க இது சௌகரியம். நட்சத்திரம் போட்டாலே பத்திரம் என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் குரலைத் தங்கைக்கோ அண்ணிக்கோ ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போகிறபோது ஒரு பென் டிரைவிலும் ஏற்றிக்கொள்ளலாம். நகையை ஒரே பீரோவில் வைக்க யோசிக்கிறோமே, இதையும் இரண்டு இடத்தில் வைத்தால் என்ன?

அப்புறம்தான் களை எடுப்பு. போனில் 'ஃபைல்ஸ்' அல்லது 'மை ஃபைல்ஸ்' என்றொரு படம் இருக்கும். அதற்குள் 'ஆடியோ'வைத் திறந்தால் முழுப் பட்டியலும் வரும். வாட்ஸ்அப்பில் வந்தவற்றின் பெயர்களைக் கவனியுங்கள். நாம் மைக்கை அழுத்திப் பேசி அனுப்பும் குரல் 'பி.டி.டி.' என்ற ஆங்கில எழுத்துக்களில் ஆரம்பிக்கும். பாட்டாக அனுப்பியவை 'ஏ.யு.டி.' என்று ஆரம்பிக்கும். கூடவே வந்த தேதியும் இருக்கும். 'பி.டி.டி.'யைத் தொடவே தொடாதீர்கள். 'ஏ.யு.டி.'யில்தான் குப்பை முக்கால்வாசி.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாட்டி பாடியதை யாராவது வேறு ரெக்கார்டரில் பதிந்து, பாட்டு மாதிரி அனுப்பியிருந்தால், அதுவும் 'ஏ.யு.டி.' என்றே வரும்! உங்கள் போனிலேயே ரெக்கார்டரில் பதிந்ததும் தனிப் பெயரில் இதே பட்டியலில் இருக்கும். அதனால் பெயர் புரியாத எதையும் இரண்டு விநாடி ஓடவிட்டுக் கேட்டுவிட்டே அழியுங்கள். தாளம் கேட்டதும் விரல் துடிக்கும்தான். குழந்தைக்குப் பிடித்த பாட்டா என்று மட்டும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் வீடு இரண்டுபடும்.

ஒன்றை அழுத்திப் பிடித்து, மற்றவற்றை வரிசையாகத் தொட்டு, குப்பைக்கூடைப் படத்தை அழுத்தினால் முடிந்தது. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னால் சீக்கிரம் இடம் கிடைக்கும். கூகுளின் 'ஃபைல்ஸ்' ஒரே பாட்டின் இரட்டைப் பிரதிகளைத் தானே கண்டுபிடித்தும் காட்டும். இப்படி அழித்தவை குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும். தவறிப் போனதை அதற்குள் மீட்கலாம். கூடையைக் காலி செய்யும்வரை இடமும் திரும்பக் கிடைக்காது என்பதை மறக்க வேண்டாம். "அழித்தேனே, இன்னும் இடமில்லை என்கிறதே!" என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான். இரண்டு நாள் பொறுத்து, கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். அழிக்கும்போதே 'பெர்மனென்ட்' என்ற சொல் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது கூடைக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். வாட்ஸ்அப்புக்குள்ளேயே அழிப்பதும் அப்படித்தான்.

பாட்டுக் கேட்கும் பெட்டியில், அதாவது பிளேயரில், 'ரிமூவ்' என்று வந்தால் பெயர் வரிசையிலிருந்து மட்டுமே போகும். பாட்டு அப்படியே இருக்கும். 'டெலீட்' என்பதுதான் நிஜமாக அழிப்பது. ஜியோசாவன், ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் இறக்கிய பாட்டுக்கள் 'ஃபைல்ஸ்' பட்டியலில் வராது. அந்தந்தச் செயலிக்குள் போய் 'டவுன்லோட்ஸ்' என்ற இடத்தில்தான் எடுக்க வேண்டும். 'விங்க்' 2024-ல் மூடப்பட்டுவிட்டது. உங்கள் போனில் அது இன்னும் குந்தியிருந்தால் செயலியையே எடுத்துவிடலாம்.

களை எடுத்தும் வாசலைச் சாத்தாவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை பழைய கதைதான். வாட்ஸ்அப் 'செட்டிங்ஸ்' போய், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில், 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்ற இடத்தைப் பாருங்கள். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரி இருக்கும். மூன்றிலும் 'ஆடியோ'வுக்கு நேரே இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனிப் பாட்டு வந்தாலும், நீங்கள் தொட்டால்தான் இறங்கும். "ஐயோ, அம்மா பேசி அனுப்புவதும் வராமல் போய்விடுமே" என்ற பயம் வேண்டாம். மைக்கில் பேசி அனுப்பும் குரல் எப்போதும் தானாகவே இறங்கிவிடும். இந்த டிக்குக்கு அது கட்டுப்படாது.

அடுத்த தடவை பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் போனை ரிப்பேருக்குக் கொடுத்தால், "அக்கா, புதுப் பாட்டு ஐந்நூறு ஏத்தித் தரட்டா?" என்று கடைத் தம்பி ஆசையாய்க் கேட்பார். "வேணாம் தம்பி, கண்ணாடியை மட்டும் மாத்திக் கொடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.