கல்லில் இல்லாதவர்கள்
அஞ்சலி குறித்துச் சில குறிப்புகள்

போன டிசம்பரில் எங்கள் வாசிப்பு வட்டத்து நண்பர் ஒருவர் இறந்துபோனார். (பெயர் வேண்டாம். தன் பெயர் அச்சில் வருவதை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை.) அவர் எழுதுகிறவர் அல்ல. பதினோரு வருஷமாக ஞாயிறு சாயங்காலங்களில் எலியட்ஸ் கடற்கரையில், ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்து மணலில் நாங்கள் கூடியபோதெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வந்தவர். டீக்குக் காசு கொடுத்தவர். அடிதடி வரைக்கும் போய்ப் பிரிந்தவர்களை மறுவாரம் போன் பண்ணி வரவழைத்தவர். பெசன்ட் நகர் மயானத்தில் எரித்துவிட்டு வந்து அதே மணலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ‘மலர் ஒண்ணு கொண்டு வரணும்யா’ என்றார். யார் எழுதுவது, யார் கட்டுரை முதலில் வருவது என்று பேச்சு போயிற்று. பத்து நிமிஷத்தில் சண்டை. சமாதானம் பண்ண ஆள் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்த மலருக்கு என்னால் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று யோசித்ததுதான் இது.

சிறுபத்திரிகைகளில் ‘அஞ்சலி’ ஒரு தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டது. அதன் வாய்பாடு நமக்குத் தெரிந்ததுதான். ‘அவரை நான் முதன்முதலில் சந்தித்தது...’ என்று தொடங்கும். இரண்டாவது பத்தியில் இறந்தவர் எழுதுபவரின் கதையையோ கவிதையையோ பாராட்டியிருப்பார். கடைசியில் தமிழ்ச் சமூகம் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டு. செத்தவர் மறுத்துப் பேச முடியாது என்கிற வசதியின் மேல் கட்டப்படும் பிரதி இது. நானும் இரண்டு எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தால், ‘நான்’ என்ற சொல்தான் அதிகம் வந்திருக்கிறது.

தெரிதா இந்தச் சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டார். 1980இல் பார்த் இறந்தபின், 1981இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘ரோலாந் பார்த்தின் மரணங்கள்’ என்று பன்மையில் இருந்தது. நண்பனின் சொற்களை மட்டும் திருப்பிச் சொன்னால் நான் எதுவும் கொடுக்கவில்லை. என் சொற்களை மட்டும் பேசினால் அவன் இன்னொரு முறை காணாமல் போகிறான். இரண்டுமே துரோகம். அவர் வாதத்தை நான் புரிந்துகொண்டது இப்படி. 1917இல் துக்கத்தையும் மெலங்கோலியாவையும் ஃப்ராய்ட் பிரித்தது பற்றி நம் பக்கங்களில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது. நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலையை (புறம் 235) எம்.ஏ. படித்த எல்லாரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். அதில் வரும் ‘மன்’ என்ற இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று மூன்று பொருள் தருகிறது தொல்காப்பியம். கழிவுக்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவது இந்தப் பாட்டைத்தான். பேச்சில் சொன்னால் ‘அதெல்லாம் போச்சு’. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், போச்சு; நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட எங்களோடு குடிப்பான், போச்சு. வீரம், வெற்றி, கொடி எதுவும் முதலில் வரவில்லை. பங்கு வைத்த விதம்தான் முதலில் வருகிறது. பிறகு அவன் மார்பில் பாய்ந்த வேல் அங்கேயே நிற்கவில்லை. பாணர்களின் பாத்திரத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கையில் ஊடுருவி, கடைசியில் புலவர்களின் நாவில் போய் விழுகிறது. ஒரு சாவில் எத்தனை பேருக்குக் காயம், எங்கெங்கே காயம் என்ற கணக்கு இது. ‘நான் அவனுக்கு எவ்வளவு நெருக்கம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அவன் போனதும் எந்தெந்தக் கைகள் சும்மா கிடக்கின்றன என்பதே கேள்வி. கையறுநிலை என்ற பெயரையும் இப்படி வாசிக்கலாம் என்றே நினைக்கிறேன். இலக்கண ஆசிரியர்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும்.

இனி கல். இறந்தவனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு கட்டமாகப் பிரிக்கிறது தொல்காப்பியம். கல்லைத் தேர்வதில் தொடங்கி, நட்ட கல்லை வாழ்த்துவதில் முடியும். நட்டதோடு வேலை முடிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. ஆநிரை கவர்ந்த பூசலில் செத்த ஒருவனின் பெயரையும் ஊரையும் அவற்றில் ஒன்று சொல்கிறது. அரசன் யாருமில்லை. இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அவன் பெயரை வாசிக்க முடிகிறது.

நாங்கள் சாய்ந்து உட்காரும் ஷ்மிட் கல்லில் இருப்பதும் ஒரு பெயர்தான். கே.ஏ.ஜே. ஷ்மிட் என்ற டென்மார்க்காரர் 1930 டிசம்பர் 30 அன்று, மற்றவர்கள் உயிரைக் காக்க உதவுகையில், இதன் அருகே மூழ்கினார் என்கிறது கல்வெட்டு. காப்பாற்றப்பட்டவர் யார் என்ற தகவல் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு கதை உலவுகிறது: பிழைத்தவர் நடந்ததை யாரிடமும் சொல்லாமல் விருந்துக்குப் போய்விட்டாராம்; விஷயம் தெரிந்த கவர்னர் கொதித்துப்போய் இதைக் கட்டச் சொன்னாராம். உண்மையோ பொய்யோ, கல் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கதை சொல்கிறது. துக்கத்தின் எதிர்ப்பதமாக அது காட்டுவது மறதியை அல்ல, பிழைத்தவனின் சௌகரியத்தை.

இன்று அந்த வளைவுகளுக்கடியில் காதலர்கள் பெயர் கிறுக்குகிறார்கள், சினிமாக்காரர்கள் படமெடுக்கிறார்கள், ராத்திரியில் பாட்டில்கள் உருள்கின்றன. பாரம்பரியக் காவலர்களுக்கு இதில் வருத்தம். எனக்கு அவ்வளவு இல்லை. நடுகல்லுக்குக் கள் ஊற்றிய மரபு நம்முடையது. ஔவைகூட அதைத் தடுக்கவில்லை. நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்குவானா என்றுதான் கேட்டாள் (புறம் 232).

எனக்கு இடிப்பது வேறு. இந்தக் கரையில் பெயராக நிற்பவர்கள் யார் யார் என்று பாருங்கள்: எலியட், பெசன்ட், ஆல்காட், ஷ்மிட். மீனவர் குப்பத்துக்கே ஓர் அமெரிக்கரின் பெயர். நானறிய, கடலில் போன குப்பத்து ஆட்களுக்கு இந்த மணலில் ஒரு கல் கிடையாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகும் கிடையாது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். ‘போனவங்க எல்லாருக்கும் கல்லு வெச்சா போட்டு நிறுத்த எடமிருக்காது தம்பி’ என்று சிரித்தார். விளிம்புநிலை, மாற்று வரலாறு என்று நான் தயாராக வைத்திருந்த சொற்கள் எதுவும் வாயில் வரவில்லை. பிறகு தன் பேரனைக் காட்டி, ‘இவனுக்கு எங்க அண்ணன் பேரு’ என்றார். அண்ணன் கடலில் போனவர்.

கல்லில்லாமல் நினைவுகூர்தல் இதே கரையில் இன்னொரு மாதிரியாகவும் நடந்திருக்கிறது. நடனக்காரர் சந்திரலேகா 2006இல் இறந்தார். அதுவும் டிசம்பர் 30தான். அவர் வாழ்ந்த கடலோர வீடு ‘ஸ்பேசஸ்’ என்ற பெயரில் ஒத்திகைக்கும் கூட்டத்துக்குமான இடமாக அவருக்குப் பின்னும் இருந்து வந்திருக்கிறது. மரங்களுக்கு நடுவே யாரோ உடம்பைப் பழக்கிக்கொண்டிருக்கும் இடத்தை நினைவிடம் என்று சொல்லத் தோன்றுவதில்லை. ஆத்மாநாம் 1984இல், முப்பத்து மூன்று வயதில் செத்தபோது அவர் பெயரில் இருந்தது ஒரே ஒரு தொகுப்பு. அவர் மரணத்தைக் காவியமாக்கியவர்கள் பலர். பிரம்மராஜன் செய்தது, கவிதைகளைத் தேடிச் சேர்த்து 1989இல் புத்தகமாக்கியது. இன்று அவரை வாசிக்கிற இருபது வயதுக்காரனுக்கு உதவுவது அந்த வேலைதான்.

மலர் விவகாரம் இப்படி முடிந்தது. போன மாதம் நண்பரின் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டைக் கொடுத்தார். பதினோரு வருஷத்து ஞாயிறுகள் தேதிவாரியாக அதில் இருந்தன: யார் யார் வந்தார்கள், எதை வாசித்தோம், யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார், எத்தனை டீ. எங்கள் கருத்துகள் பற்றி ஒரு வரி இல்லை. என் பெயருக்கு நேராக நாலு இடத்தில் ‘போன் பண்ணணும்’ என்றிருந்தது. கட்டுரைகள் எதுவும் வேண்டாம், நோட்டை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். டீக்கடைக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் பாக்கி என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. அதைக் கொடுத்தாயிற்று. ஜெராக்ஸ் எடுக்க யார் போவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.