பூச்சியமா, ஒன்றா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பின் மாணவர் நாற்பதின்மர்க்கும் மதிப்பெண் பட்டியல் அச்சிட்டுத் தரும் பொறுப்பு எனக்கு வந்தது. சி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். பட்டியல் அழகாகவே அச்சாகி வந்தது. அதனை ஒட்டுவதற்கு எடுத்துச் செல்லும் வேளையில் ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திடுக்கிட்டார். தேறாத மாணவன் தேறியிருந்தான். வகுப்பில் முதலாவதாக வருபவள் தவறியிருந்தாள். நாற்பதாம் எண்ணுக்கு நேரே ஐந்து இலக்கத்தில் ஒரு மதிப்பெண் நின்றது!

நடந்தது இதுதான். மதிப்பெண்கள் யாவும் ஓர் அணியில் வரிசையாக இருந்தன. அவற்றை 1 முதல் 40 வரை எண்ணி அச்சிட்டேன். சி மொழியிலோ அணியின் முதல் உறுப்புக்குச் சுட்டெண் பூச்சியம். கடைசி உறுப்புக்கு 39. ஆகவே ஒவ்வொருவர்க்கும் அடுத்தவர் மதிப்பெண் போய்ச் சேர்ந்தது. நாற்பதாமவர்க்குக் கிடைத்தது, அணிக்கு அப்பால் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஓர் எண். எல்லையைக் கடந்தாய் என்று அம்மொழி எச்சரிப்பதில்லை.

ஏன் இந்த வழக்கம்? ஒரு குழந்தையின் வயதை நினைத்துப் பாருங்கள். பிறந்த நாள்முதல் அதற்கு முதலாண்டு நடக்கிறது; நிறைந்த ஆண்டோ பூச்சியம். நடப்பதைச் சொல்வாரும் உண்டு. நிறைந்ததைச் சொல்வாரும் உண்டு. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் நடப்பதைச் சொல்லும் மொழி. முதலாவது, இரண்டாவது என்று எண்ணிச் சூத்திரம் எழுதிப் பழகிய விஞ்ஞானிகளுக்காகப் பிறந்தது அது. 1972 அளவில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி, நிறைந்ததைச் சொல்லும் மொழி. அதில் சுட்டெண் என்பது தொடக்கத்திலிருந்து கடந்து வந்த தொலைவு. அணி 1000 என்னும் முகவரியில் தொடங்கி, உறுப்பு ஒவ்வொன்றும் 4 பைட் இடம் கொள்ளுமாயின், சுட்டெண் 3 பெற்ற உறுப்பு 1012இல் இருக்கும். முதல் உறுப்பை அடைய எதையும் கடக்க வேண்டியதில்லை, ஆதலின் பூச்சியம்.

டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர், பூச்சியமே தக்கது என்று 1982இல் வாதிட்டார். பூச்சியத்தில் தொடங்கி 40க்குக் கீழே நின்றால், இரு எல்லைகளின் வேறுபாடே உறுப்புகளின் தொகையாகிவிடுகிறது. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆயினும் ஆர், ஜூலியா, லுவா முதலிய மொழிகள் ஒன்றிலேதான் தொடங்குகின்றன. பாஸ்கலோ எங்கே தொடங்குவது என்பதை எழுதுபவரிடமே விட்டுவிட்டது.

என் நிரலைப் பூச்சியம் முதல் 39 வரை எண்ணச் செய்து, வரிசை எண்ணை அச்சிடும் இடத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டினேன். எந்த மாணவியிடம் போய், 'உன் எண் பூச்சியம்' என்று சொல்வது?