முகிலில் பதியும் அடித்தடம்

மார்கழி விடியலில் கனகராயன்குளத்தைக் கடக்கும் ஏ9 வீதி சில நாட்களில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. வயலும் குளக்கட்டும் மூடுபனிக்குள் கிடக்கும். வாகனங்கள் விளக்கைப் போட்டபடி ஊர்ந்து வரும். அந்தப் பனி உண்டாக ஈரமும் குளிரும் மட்டும் போதாது. நீராவி பற்றிக்கொள்ள வீதிப் புழுதி, அடுப்புப் புகை போன்ற நுண்துகள்கள் வேண்டும். அப்படிப் பிடி கிடைத்த இடத்தில்தான் துளி பிறக்கிறது. தூசியே இல்லாத காற்றில் என்ன ஆகும்?

அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் துணிக்கைகளின் தடத்தைக் காட்டும் முகிலறையைத் தந்தது. 1894 செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் இரண்டு கிழமை தங்கியிருந்த பௌதிகவியலாளர் சி.டி.ஆர். வில்சன், முகிலில் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டு மயங்கினார். அதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிப் பார்க்க முனைந்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரக் காற்றை அடைத்துச் சட்டென விரியவிட்டால் அது குளிரும். சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்ப் சூடாகிறதே, அதன் மறுதலை இது. தூசியை நீக்கிய பிறகும், போதிய அளவு விரியவிட்டால் துளிகள் தோன்றின. 1896இல் எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது முகில் திரண்டு தடித்தது. கதிர் காற்றின் மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கி அயன்களை உண்டாக்க, நீராவி அவற்றைப் பற்றிக்கொண்டிருந்தது. 1911இல் தனித்தனித் துணிக்கைகள் ஓடிய வழிகளையே வில்சன் படம்பிடித்தார். 1927இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரவில் வந்துபோன யானையை வன்னியில் யாரும் கண்ணால் கண்டிருக்கத் தேவையில்லை. விடிந்ததும் சேற்றில் பதிந்த அடி, அதன் பருமனையும் போன திசையையும் சொல்லிவிடும். முகிலறையில் வாசிப்பதும் அடித்தடத்தைத்தான். ஆனால் இங்கே திசையை அறிவது எளிதல்ல. கலிபோர்னியாவில் கார்ல் அன்டர்சன் 1932 ஓகஸ்ட் 2ஆம் திகதி எடுத்த படத்தைப் பாருங்கள். காந்தப்புலத்தில் ஒரு கோடு வளைந்திருந்தது. மேலிருந்து கீழே வந்திருந்தால் அது சாதாரண இலத்திரன். கீழிருந்து மேலே போயிருந்தால் நேர்மின்னேற்றம் கொண்ட ஏதோ ஒன்று. அறையின் நடுவே அன்டர்சன் 6 மில்லிமீற்றர் ஈயத் தகடு வைத்திருந்தார். தகட்டைத் துளைத்த துணிக்கை சக்தி இழக்கும், சக்தி குறைந்தால் கூடுதலாக வளையும். தகட்டுக்கு மேலேதான் கோடு கூட வளைந்திருந்தது. ஆகவே அது மேல்நோக்கிப் போயிருக்கிறது. எதிர்த்துணிக்கை ஒன்றை மனிதர் முதன்முறை இனங்கண்டது அந்த ஒற்றைப் படத்தில்! இலத்திரனை ஒத்த, ஆனால் எதிர் மின்னேற்றம் கொண்ட அதற்குப் பொசித்திரன் என்று பெயர். விஞ்ஞான வரலாற்றில் இதைவிட எளிய, இதைவிட அழகான தருக்கத்தை நான் அறியேன்.

மியூவன் என்ற துணிக்கையும் முகிலறையில்தான் வெளிப்பட்டது. நீலகிரியில், உதகமண்டலத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் உலோகத் தகடுகள் அடுக்கிய பெரிய முகிலறை கொண்டு, விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை ஆராய்ந்தனர். 1952இல் வந்த குமிழி அறையும் பின்வந்த இலத்திரனியல் கருவிகளும் முகிலறையின் இடத்தைப் பிடித்தன. ஆனாலும் உதகையில் அண்டக்கதிர் ஆராய்ச்சி தொடர்கிறது. 2014 டிசெம்பர் 1இல் உதகைக்கு மேலே மூண்ட இடிமுகிலில் 130 கோடி வோல்ற்று அழுத்தம் இருந்ததை, மியூவன்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே அங்குள்ளவர்கள் கணித்தார்கள்.

பாடசாலையிலும் முகிலறை செய்யலாம். கண்ணாடி மீன்தொட்டியைக் கவிழ்த்து, உள்ளே மேற்புறத்தில் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த கம்பளித் துணியை ஒட்டி, அடியில் கறுப்பு உலோகத் தகடு வைக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே −78 பாகை செல்சியஸில் உலர்பனி, அதாவது உறைந்த காபனீரொட்சைட்டு. இங்கே காற்றை விரியவிடுவதில்லை, அடியிலிருக்கும் குளிரே அற்ககோல் ஆவியைக் குளிர்விக்கும். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குளிர் காணாது. அற்ககோல் தீப்பற்றும், உலர்பனி கையைச் சுடும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேண்டும், யன்னல் திறந்திருக்க வேண்டும். அறையை இருட்டாக்கி ரோச் ஒளியைப் பக்கவாட்டில் அடித்துவிட்டுச் சிறிது நேரம் பொறுங்கள். தகட்டுக்குச் சற்று மேலே மெல்லிய பனி படரும். கட்டையாகவும் தடிப்பாகவும் தெரிவது அல்பாத் துணிக்கை. நெளிந்து போவது இலத்திரன். நூல் பிடித்தாற்போல நேராக விழும் மெல்லிய கோடு பெரும்பாலும் மியூவன். சுமார் 15 கிலோமீற்றர் உயரத்தில் பிறந்து, கூரையையும் தொட்டியையும் துளைத்து, நிலத்துக்குள் இறங்கிப் போய்விட்டது.