முதலில் எந்த இலை?

“இலை மஞ்சளித்துவிட்டது, என்ன உரம் போடலாம்?” பினாங்குத் தீவில் எந்த நர்சரிக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி இது. உரத்தைப் பற்றிப் பேசுமுன் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. மஞ்சளித்தது அடியிலிருக்கும் முற்றிய இலையா, நுனியில் விரியும் கொழுந்தா? அது தெரியாமல் ஒரு பிடி உரம்கூடப் போடக்கூடாது.

தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை குறையும்போது, செடி அவற்றை முற்றிய இலையிலிருந்து உருவி எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலை முதலில் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவில் இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். மெக்னீசியக் குறைவில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுக்கும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் ஆகியவை அப்படி இடம் மாறுவதில்லை. அவை குறைந்தால் அடி தாங்கும், நுனிதான் வாடும். இரும்புக்குறைவில் கொழுந்து, பச்சை நரம்புகள் கோடு போட்டதுபோல் தெரிய, மஞ்சளாக விரியும்.

ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளின் ஓரத்தில் இட்லிப்பூச் செடியை இந்த நிறத்தில் பார்க்கலாம். அந்தச் சுவர்களின் பூச்சு சுண்ணாம்புக் காரை. அது உதிர்ந்து மண்ணில் கலந்தால் மண்ணின் காரத்தன்மை ஏறுகிறது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் ஒத்துக்கொள்ளும். அங்கே சாதாரண உரத்தை மூட்டையாகக் கொட்டினாலும் கொழுந்து பச்சையாகாது. சுவரை விட்டு நகர்த்தி, மட்கிய இலைத்தழை கலந்த புது மண்ணில் வைத்து, வேரால் எடுக்க முடிகிற கீலேட் வடிவ இரும்பைக் கொடுத்தால் அடுத்த கொழுந்து தெளியும்.

மண் மட்டுமல்ல, செடியை வளர்க்கும் குடிலும் இலையைக் கெடுக்கலாம். பசுமைக்குடில் என்ற ஏற்பாடே குளிர்நாட்டில் பிறந்தது. அருவிப் பள்ளத்தாக்கில் 1884இல் பினாங்கு தாவரவியல் பூங்காவைத் தொடங்கிய சார்ல்ஸ் கர்ட்டிஸ், அதற்குமுன் இங்கிலாந்தின் வீட்ச் நர்சரிக்காக இந்தப் பக்கத்துக் காடுகளில் செடி சேகரித்தவர். இங்கிருந்து கப்பலேறிய வெப்பமண்டலச் செடிகளை அங்கே கண்ணாடிக் கூரைக்குக் கீழே சூடுகாட்டி வளர்த்தார்கள். நமக்கு வேண்டியதோ வெயிலைத் தணித்து மழையைத் தடுக்கும் நிழல்வலையும் நல்ல காற்றோட்டமும். நான்கு பக்கமும் பிளாஸ்டிக் போர்த்தி மூடிய குடிலுக்குள், செப்டம்பர், அக்டோபர் மழையில் காற்று நகராமல் நின்றுவிடும். இலைநோய்கள் பலவற்றுக்கும் தொடக்கம் அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈரக்காற்றில் தொட்டியிலுள்ள தேங்காய் நார்த்தூள் காய்வதில்லை. வழக்கம்போல் ஊற்றும் தண்ணீர் தேங்கி, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. தொட்டி ஈரமாக இருந்தும் செடி துவண்டு மஞ்சளித்தால் உடனே தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உரிந்து நூல்போன்ற நடு மட்டும் கையில் நிற்கும். அதற்கு உரம் கொடுப்பது கேட்டை வளர்க்கும். காற்று நின்றுபோவதால் இன்னொரு கெடுதலும் உண்டு. சுண்ணாம்புச் சத்து, இலை வழியே ஆவியாகும் தண்ணீரோடுதான் மேலேறும். ஆவியாதல் நின்றால், மண்ணில் சத்து நிறைய இருந்தும் கொழுந்துக்குப் போய்ச் சேராது; இலை நெளிந்து, நுனி கருகி விரியும். அதற்கு மருந்து ஒரு மின்விசிறியும் திறந்த பக்கச்சுவரும்தான்.

இலை சுருளும்போது, எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். மிளகாயில் இலைப்பேன் தாக்கினால் ஓரம் மேல்நோக்கி மடியும். மஞ்சள் சிலந்தி தாக்கினால் கவிழ்த்துவைத்த படகுபோல் கீழ்நோக்கி மடியும், காம்பு நீளும், கொழுந்து தடித்து உடையும். இந்தச் சிலந்தியின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர், வெறும் கண்ணுக்குச் சிக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துக் கொழுந்தின் அடிப்புறத்தைப் பார்த்தால் வெளிறிய புள்ளிகள் ஊர்வது தெரியும். இது பூச்சியல்ல, சிலந்தி இனம். பல பூச்சிமருந்துகள் இதைத் தொடாமல், இதைத் தின்னும் நல்ல சிலந்திகளைக் கொன்றுவிடும். நனையும் கந்தகத்துக்கு இது கட்டுப்படும். ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்காதீர்கள், இலை கருகும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானிலேயே மருந்தும் அடிப்பவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் துளியே கொழுந்தை நாடாபோல் நெளித்துவிடப் போதும்.

இவை எதிலும் சேராமல், ஒழுங்கற்ற மஞ்சள் திட்டும் கோடும் கொண்ட இலை வந்தால் வைரஸைச் சந்தேகியுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கு சிம்பிடியம் மொசைக் வைரஸ் பெரும் தொல்லை. அதைப் பரப்புவது முக்கியமாக நம் கத்தியும் கத்தரிக்கோலும்தான். நோய்ச் செடியின் சாறு பட்ட கத்தி அடுத்த செடியை வெட்டும்போது நோயையும் செலுத்திவிடுகிறது. தொற்றிய செடிக்கு மருந்தில்லை. எவ்வளவு அருமையான செடியானாலும் எடுத்து எரித்துவிடுவதே மற்றவற்றுக்குக் காப்பு. ஒவ்வொரு செடிக்கும் கத்தியை நெருப்பில் காட்டுங்கள்.

ஒருமுறை சுருண்ட இலை எந்த வைத்தியத்துக்கும் பழையபடி விரியாது. அது மொட்டாக இருக்கும்போதே அடிபட்டது. அந்த இலையைப் பார்த்து மருந்தை மாற்றி மாற்றி அடிக்காமல், ஒரு மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு அடுத்து வரும் இரண்டு கொழுந்துகள் விரியும்வரை பொறுத்திருங்கள்.