வேகம் பிராசஸருக்கு மட்டும்

தயாரிப்பாளர் நிர்ணயித்த வேகத்தைத் தாண்டிப் பிராசஸரை ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். மதர்போர்டில் உள்ள கிளாக் ஜெனரேட்டர் சீரான மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 10 லட்சம் துடிப்பு என்றால் அது 1 மெகாஹெர்ட்ஸ். இந்த அடிப்படைத் துடிப்பைப் பிராசஸர் தனக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு மல்டிபிளையர் என்று பெயர். ஆகவே வேகத்தைக் கூட்ட வழி இரண்டு: மல்டிபிளையரை உயர்த்தலாம், அல்லது அடிப்படைத் துடிப்பை உயர்த்தலாம்.

1990களின் பிற்பகுதியில் இன்டெல் தன் பிராசஸர்களின் மல்டிபிளையரை மாற்ற முடியாதபடி பூட்டியது. எஞ்சியது இரண்டாவது வழிதான். அதில்தான் சிக்கல் இருந்தது. ஹார்ட் டிஸ்க், சவுண்ட் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்றவற்றை இணைக்கும் பி.சி.ஐ. பஸ்ஸும், கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஏ.ஜி.பி. பஸ்ஸும் அதே துடிப்பிலிருந்தே தங்கள் வேகத்தைப் பெற்றன. பி.சி.ஐ.க்கு உரிய வேகம் 33 மெகாஹெர்ட்ஸ், ஏ.ஜி.பி.க்கு 66. அடிப்படைத் துடிப்பை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து மதர்போர்டு இந்த வேகங்களை உண்டாக்கியது. மேலே கூட்டினால் கீழேயும் கூடிவிடும்.

1998இல் வந்த செலரான் 300ஏ இதற்கு நல்ல உதாரணம். 66 மெகாஹெர்ட்ஸை 4.5ஆல் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடிய பிராசஸர் அது. துடிப்பை 100 ஆக்கினால் 450 கிடைத்தது. இன்டெல் 440பிஎக்ஸ் சிப்செட் கொண்ட போர்டுகள் 66ஐ 2ஆலும், 100ஐ 3ஆலும் வகுத்ததால் பி.சி.ஐ. இரண்டு நிலையிலும் 33இலேயே நின்றது. ஏ.ஜி.பி.யும் 66ஐத் தாண்டவில்லை. ஆனால் இடைப்பட்ட 83ஐத் தேர்ந்தெடுத்து, போர்டு அதை 2ஆல் வகுத்தால், பி.சி.ஐ. 41.5க்கு ஏறிவிடும். பிராசஸரின் வேகம் குறைவுதான். கணினிக்கு ஆபத்தோ அதிகம். 133க்குப் போனால் வேறு தொல்லை: பி.சி.ஐ.க்கு 4ஆல் வகுக்கும் வசதி பல போர்டுகளில் இருந்தது, ஏ.ஜி.பி.க்கோ ஏற்ற வகுத்தி அந்தச் சிப்செட்டில் இல்லை. அது 89 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியிருந்தது.

33 மெகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் நீளம் 30 நானோநொடி. 41.5இல் அது 24 ஆகச் சுருங்கிவிடும். ஒரு கார்டிலிருந்து புறப்படும் சிக்னல் மறுமுனையில் நிலைகொள்வதற்குள் அடுத்த துடிப்பு வந்தால், 0 என்பது 1 ஆகப் படிக்கப்படலாம். சில கார்டுகள் இதைத் தாங்கும், சில உறைந்து நின்றுவிடும். மிக மோசமானது ஹார்ட் டிஸ்க்கில் நேரும் பிழை. கோப்புகள் சத்தமில்லாமல் சிதையும். சேதம் தெரியவரப் பல நாள் ஆகலாம்.

இதற்குத் தீர்வு, பஸ்களுக்குத் தனித் துடிப்பு கொடுப்பது. 2002இல் வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட், அடிப்படைத் துடிப்பு எவ்வளவு ஏறினாலும் பி.சி.ஐ.யையும் ஏ.ஜி.பி.யையும் அவற்றுக்குரிய வேகத்திலேயே பூட்டிவைத்தது. இத்தகைய போர்டில் ஏ.எம்.டி.யின் அத்லான் எக்ஸ்பி 2500+ பிராசஸருக்கு 166 மெகாஹெர்ட்ஸை 200 ஆக்கினால், 1833இலிருந்து 2200 மெகாஹெர்ட்ஸ் எட்டியது. விலை கூடிய 3200+ ஓடிய வேகமும் அதுவே.

2011இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் நிலைமை தலைகீழானது. பிராசஸர், பி.சி.ஐ.யின் வாரிசான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ், ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் சேட்டா எல்லாமே ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைப் பகிர்ந்துகொண்டன. அதைச் சில மெகாஹெர்ட்ஸ் உயர்த்தினாலே கணினி தடுமாறியது. மல்டிபிளையர் திறந்திருந்த 2500கே, 2600கே போன்ற ‘கே’ வகைகளே ஓவர்கிளாக்கிங்குக்கு வழியாயின. 2015இல் வந்த ஸ்கைலேக், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துடிப்பை மீண்டும் தனியாகப் பிரித்தது.

மல்டிபிளையர் திறந்திருக்கும் கணினியில் அதை மட்டும் உயர்த்தினால் பஸ்ஸுக்குப் பாதிப்பில்லை. அடிப்படைத் துடிப்பை உயர்த்துவதாயின், போர்டில் வசதி இருந்தால் பயாஸ் அமைப்பில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸை முதலில் 100இல் பூட்ட வேண்டும். ரேமின் வேகமும் கூடவே ஏறும் என்பதால் அதன் விகிதத்தைக் குறைக்க வேண்டும். முக்கியக் கோப்புகளுக்கு வேறு டிஸ்க்கில் நகல் எடுத்த பிறகு, துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் வெப்பத்தையும் நிலைத்தன்மையையும் சோதிப்பதே பாதுகாப்பான முறை.