ஜேர்மன் முகாமில் பிறந்த முகமன்

மருதமுனையில் தறி வைத்திருப்பவர் காலையில் தெருவில் இறங்கினால் எதிர்ப்படுபவருக்கு 'அஸ்ஸலாமு அலைக்கும்' சொல்வார். சாரக்கட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு பிரதான வீதியால் தெற்கே போய்ப் பாண்டிருப்பில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்தால் 'வணக்கம்' என்பார். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனால் இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே படைப்பிரிவில் சேர்த்து, ஒரே சீருடை உடுத்தி, ஒரே கொட்டிலில் படுக்க வைத்தால், விடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து என்ன சொல்வார்கள்?

இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜேர்மன் இராணுவச் சீருடைக்குள் இந்தக் கேள்வி நிஜமாகவே எழுந்தது. அதற்கு விடை கண்டவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் என்ற முஸ்லிம் இளைஞர். அவருடைய விடையை இன்று இந்தியாவின் முப்படையும் பொலிஸும் நாள்தோறும் சொல்கின்றன. அவருடைய பெயர்தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஜேர்மனியில் முகமன் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933 இலேயே, வலது கையை முன்னே நீட்டி அவர் பெயரைச் சொல்லி வணங்குவது அரச ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆசிரியர் வகுப்புக்குள் நுழைந்தாலும், தபால்காரர் கடிதம் கொடுத்தாலும் அதே முகமன். இறைவனுக்குரிய வணக்கத்தை மனிதனுக்குத் தரமாட்டோம் என்று மறுத்த யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வதைமுகாம்களுக்குப் போனார்கள். ஒரு மனிதரின் பெயரைச் சொல்லாவிட்டால் 'காலை வணக்கம்' கூடச் சந்தேகத்துக்குரியதாகிவிடும் நாட்டில் மக்கள் எப்படி மூச்சு விட்டிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

இராணுவத்துக்குள் மட்டும் பழைய வழக்கம் நெடுநாள் தாக்குப்பிடித்தது. 1934 ஓகஸ்டில் படையினர் எல்லோரும் ஹிட்லரின் பெயருக்கே நேரடியாகச் சத்தியப்பிரமாணம் செய்ய வைக்கப்பட்டார்கள். ஆனாலும் தலையில் தொப்பி இருந்தால் விரல்களைத் தொப்பி விளிம்பில் வைத்து அடிக்கும் வழமையான சலூட்தான். தொப்பி இல்லாத வேளையில் மட்டும் கையை நீட்ட வேண்டும். ஹிம்லரின் தலைமையில் இருந்த நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையினரோ எப்போதும் கையை நீட்டுவார்கள். ஒருவர் எந்தப் படை என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

1944 ஜூலை 20 அன்று அதே இராணுவத்தின் கேர்னல் ஸ்டாஃபன்பேர்க் வைத்த குண்டு ஹிட்லரைக் கொல்லாமல் வெடித்தது. அடுத்த சில நாட்களில், இராணுவத்தின் விசுவாசத்துக்கு அடையாளமாக, பழைய சலூட்டை விட்டுவிட்டு எல்லாப் படையினரும் இனிக் கையை நீட்டவேண்டும் என்று படைத் தலைவர்களான கோரிங், கைட்டல், டோனிட்ஸ் ஆகிய மூவர் பெயரிலும் கட்டளை வந்தது. போர் தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், துப்பாக்கி ரவைக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு இருந்த நேரத்தில், ஓர் அரசு தன் சிப்பாயின் கை எந்தப் பக்கம் உயர்கிறது என்று கவலைப்பட்டது. எங்கள் போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு போன தலைமுறைக்கு, பயத்தில் காட்டும் மரியாதை எப்படி இருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதே ஜேர்மனிக்குத்தான் 1941 ஏப்ரலில் இந்திய விடுதலைத் தலைவர் சுபாஷ் சந்திர போஸ் வந்து சேர்ந்தார். கல்கத்தாவில் வீட்டுக்காவலில் இருந்து தப்பியபோது அவர் பூண்ட வேடம் முகம்மது ஸியாவுத்தீன் என்ற காப்புறுதி முகவர். காபூல், மொஸ்கோ வழியாக, இத்தாலியக் கடவுச்சீட்டில் பேர்லினை அடைந்தார். வட ஆபிரிக்காவில் ஜேர்மன் தளபதி ரொமலின் படையிடம் பிடிபட்ட பிரித்தானிய இந்திய இராணுவத்துச் சிப்பாய்கள் அப்போது ஜேர்மன் கைதி முகாம்களில் இருந்தார்கள். அவர்களில் இருந்து இந்தியச் சுதந்திரத்துக்கென ஒரு படையைத் திரட்டத் தொடங்கினார் போஸ். சாக்ஸனி மாநிலத்தின் கோனிக்ஸ்புரூக் முகாமில் அவர்களுக்குப் பயிற்சி. ஜேர்மன் சீருடை, கையில் பாயும் புலி பொறித்த சின்னம். ஜேர்மன் இராணுவப் பதிவில் 950 ஆம் காலாட்படை ரெஜிமென்ட்.

பிரித்தானியர் தங்கள் இந்திய இராணுவத்தைச் சாதியாலும் சமயத்தாலும் பிரித்து வைத்திருந்தார்கள். சீக்கியருக்கு ஒரு கம்பனி, பஞ்சாபி முஸ்லிம்களுக்கு இன்னொன்று, ராஜபுத்திரருக்கு வேறொன்று. சமையல் வேறு, போர்முழக்கம் வேறு, முகமனும் வேறு. போஸ் அந்த வேலிகளைப் பிடுங்கி எல்லோரையும் கலந்தார். கலந்தவுடன் வந்த முதல் சங்கடம் காலை முகமன்தான். முஸ்லிம் ஸலாம் சொல்கிறார், சீக்கியர் 'சத் ஸ்ரீ அகால்' என்கிறார், இந்து 'ராம் ராம்' என்கிறார். எதைப் பொதுவாக்கினாலும் மற்ற இருவருக்கும் உறுத்தும்.

ஆபித் ஹசன் 1911 இல் பிறந்தவர். இளம் வயதில் காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் இருந்தவர், பிறகு பொறியியல் படிக்க ஜேர்மனிக்கு வந்தவர். படிப்பை விட்டுப் போஸின் செயலாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஆனார். பொது முகமன் ஒன்று தேடும் வேலை அவரிடம் வந்தது. முதலில் 'ஹலோ' போதுமே என்றாராம். போஸ் ஒப்பவில்லை. அதன்பின் முகாமில் அவர் நடந்துகொண்டிருந்தபோது ராஜபுத்திரச் சிப்பாய்கள் தங்களுக்குள் 'ஜெய் ராம்ஜி கீ' என்று சொல்லிக்கொள்வது காதில் விழுந்தது. அந்த ஓசை அவருக்குப் பிடித்துப்போனது. ராமர் இருந்த இடத்தில் நாட்டை வைத்து 'ஜெய் ஹிந்துஸ்தான் கீ' என்று சொல்லிப் பார்த்தார். அது சுருங்கி 'ஜெய் ஹிந்த்' ஆனது. போஸ் உடனே ஏற்றுக்கொண்டார். ஹைதராபாத் வரலாற்றை எழுதிய நரேந்திர லூத்தர் பதிந்துள்ள கதை இது.

முஸ்லிமான ஆபித் ஹசன் தன் ஸலாமை மற்றவர்கள்மேல் திணிக்கவில்லை. அதைக் கைவிடவும் இல்லை. இந்துச் சிப்பாயின் வாயில் இருந்த ஓசையைக் காது கொடுத்துக் கேட்டு, எல்லோருக்கும் இடம் கொடுக்கும் விதமாக அதைத் திருப்பித் தந்தார். கட்டளை போடும் அதிகாரம் இருந்த முகாமில் அவர் கேட்டுக்கொண்டு நடந்தார். இதுதான் என்னைப் பிடித்து உலுக்கும் பகுதி.

'ஜெய் ஹிந்த்' முதலில் செண்பகராமன் பிள்ளையின் வாயில் பிறந்தது என்று சொல்வோரும் உண்டு. திருவனந்தபுரத்துத் தமிழரான அவரும் ஜேர்மனியில் இருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர், 1934 இல் பேர்லினில் இறந்தவர். அவரை மதிப்பதில் எனக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு படையின் அன்றாட முகமனாக அது வேரூன்றியது ஆபித் ஹசனின் கையால்தான் என்பதே என் முடிவு.

கதையின் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். அந்தப் படையினர் போஸின் பெயரோடு ஹிட்லரின் பெயரையும் சொல்லித்தான் சத்தியம் செய்தார்கள். இந்தியரை இழிவாக எழுதிய மனிதர் ஹிட்லர். யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த அரசு அது. போஸ் ஜேர்மனியை விட்டுப் போனபின் அந்தப் படை பிரான்சின் கடற்கரைக்கு அனுப்பப்பட்டது. 1944 ஓகஸ்டில் எஸ்.எஸ். படையின் கீழ் மாற்றப்பட்டது. பின்வாங்கும் வழியில் பிரெஞ்சுப் பொதுமக்களுக்கு அவர்களில் சிலர் இழைத்த கொடுமைகள் பற்றிய குற்றச்சாட்டுகள் இன்றும் அங்கே நினைவில் இருக்கின்றன. விடுதலைக்காகத் தேடிய துணை எப்படிப்பட்டது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

1943 பெப்ரவரியில் கீல் துறைமுகத்தில் இருந்து யு-180 என்ற நீர்மூழ்கியில் போஸ் கிழக்கே புறப்பட்டபோது கூடப் போன ஒரே இந்தியர் ஆபித் ஹசன். மடகஸ்காருக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் ரப்பர் படகில் இறங்கி, ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமாத்ராவுக்கு அருகே கரையேறினார்கள். அங்கிருந்துதான் அந்த முகமன் தமிழர் வாய்க்கு வந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில், போஸ் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென அமைந்த ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த டொக்டர் லக்ஷ்மி. துரைமார் முன்னால் 'ஸலாம் துரை' என்று குனிந்தே பழகிய தோட்டத் தொழிலாளி, நிமிர்ந்து நின்று அதிகாரிக்கும் சக சிப்பாய்க்கும் ஒரே முகமன் சொன்னார். அந்த இராணுவத்தின் குறிக்கோளாக இருந்த மூன்று சொற்கள் இத்திஃபாக், இஃதிமாத், குர்பானி. ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற அந்த மூன்றில் கடைசிச் சொல்லை எங்கள் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

கொடியில் காவி வேண்டுமா பச்சை வேண்டுமா என்ற வாக்குவாதம் அங்கேயும் எழுந்ததாம். இந்து வீரர்கள் தங்கள் பிடியை விட்டதைக் கண்டு நெகிழ்ந்த ஆபித் ஹசன் தன் பெயரோடு 'ஸஃப்ரானி', அதாவது காவி நிறத்தான், என்று சேர்த்துக்கொண்டார் என்பார்கள். பிரித்தானியருக்கு எதிரான இம்பால் போர்முனையிலும் நின்றார், சிறையிலும் இருந்தார். சுதந்திரத்துக்குப்பின் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்து டென்மார்க்கில் தூதுவரானார். 1984 இல் காலமானார்.

1947 நவம்பரில் சுதந்திர இந்தியா வெளியிட்ட முதல் முத்திரையில் தேசியக் கொடியோடு 'ஜெய் ஹிந்த்' அச்சாகி இருந்தது. அதற்கு முந்திய ஆண்டே, கலவரத் தெருக்களில் மக்களைப் பிடித்து நிறுத்தி அதைச் சொல்லச் சொன்னபோது, ஒருவரையேனும் வற்புறுத்தி அப்படிச் சொல்லவைப்பது சுயராஜ்ஜியத்தின் சவப்பெட்டிக்கு ஆணி அடிப்பது என்று காந்தி கண்டித்தார். நல்ல முகமனையும் கத்திமுனையில் வாங்கினால் அது ஹிட்லரின் முகமனாகிவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

உலகத்து எந்த இராணுவத்திலும் கீழுள்ளவர்தான் மேலுள்ளவருக்கு முதலில் சலூட் அடிக்கவேண்டும். ஸலாமின் ஒழுங்கை நபி (ஸல்) அவர்கள் வேறுவிதமாக வகுத்தார்கள். வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் ஸலாம் சொல்லவேண்டும், நடப்பவர் இருப்பவருக்குச் சொல்லவேண்டும். வலிமை உள்ள பக்கத்தில் இருந்து முகமன் புறப்படவேண்டும். எங்கள் இரண்டு ஊர்களும் உள்ள கல்முனைப் பிரதேசத்தில் ஸலாமும் வணக்கமும் ஒன்றையொன்று பார்த்து முறைத்த காலங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அவை திரும்பாமல் இருக்க, முதலில் வாய் திறக்கவேண்டியவர் அந்தந்த இடத்தில் பலமாக இருப்பவர்.

ஹிட்லருக்குக் கை நீட்டும் அந்த வணக்கம் ஜேர்மனியில் இன்று குற்றவியல் சட்டத்தின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் உலகப் போர்களைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஹிட்லரைப் பற்றிப் பேசும் அதே வகுப்பில், மருதமுனையானாலும் பாண்டிருப்பானாலும், ஆபித் ஹசனுக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.