பாம்பாறு குடைந்த உரல்கள்

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் என்று முடிவானதும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க குளிக்கலாமா?" என்பதுதான். மலை மேலே ஏரி உண்டு, அருவி உண்டு. ஆனால் ஆசை தீர முங்கி எழ அங்கே இடம் இல்லை. பழனி மலைத்தொடரில் குளிக்கத் தகுந்த தண்ணீர் அடிவாரத்துக்கு இறங்கி வந்த பிறகுதான் கிடைக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றமும் இல்லை, ஆபத்தும் குறைவு.

முதலில் மேலே இருக்கும் ஏரிகளைப் பார்த்துவிடுவோம். கொடைக்கானல் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடைகளை மறித்து 1863-இல் உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு. சதுப்பின் மேல் நிற்கும் தண்ணீர் என்பதால் கரையோரம் சேறு, அதன் மேல் நீர்ச்செடிகள். காலை வைத்தால் புதையும், செடி சுற்றும். ஊரின் நடுவே கிடக்கும் ஏரி என்பதால் ஊர் கழுவிவிடுவதும் அதில்தான் வந்து சேர்கிறது. மலைச்சாலையில் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கும் வெள்ளி அருவி, 180 அடி உயரத்திலிருந்து விழுவது இந்த ஏரியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர்தான் என்பது பலருக்குத் தெரியாது.

பேரிஜம் ஏரி காட்டுக்குள் இருக்கிறது. பார்க்கவே வனத்துறை அனுமதி வேண்டும். பெரியகுளம் நகரத்தின் குடிநீர் அது, யாரும் இறங்கக் கூடாது. சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி மன்னவனூர். மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். புல்வெளிச் சரிவுகளுக்கு நடுவே ஏரி, அதில் பரிசல். கூட்டத்திலிருந்து தப்ப நினைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. இன்னும் உள்ளே போனால் கூக்கால் ஏரி. இவை கரையில் உட்கார்ந்து பார்ப்பதற்கான ஏரிகள். நீந்துவதற்கானவை அல்ல.

காரணம் சட்டம் மட்டுமல்ல, குளிரும்தான். ஒரே அளவு குளிரில் இருந்தாலும், காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மதுரை வெயிலில் கிளம்பி, மூன்று மணி நேரத்தில் மேலே வந்து, வியர்வையோடு குளிர்ந்த ஏரியில் குதிக்கிறவரின் தோல் சட்டென்று சுருங்குகிறது. மார்பு தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை இழுக்கிறது. அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் குளிர்ந்த நீரில் குதித்த முதல் நிமிடத்திலேயே மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இனி பாம்பாற்றோடு இறங்குவோம்.

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் பாம்பாறு சோலையில் பிறக்கும் ஓடை அது. மேலே அது விழும் இடத்துக்கு, ஒரு சோப்பு விளம்பரத்தின் புண்ணியத்தில், லிரில் அருவி என்றும் பெயர் உண்டு. அங்கிருந்து பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவி வரை, நேர்கோட்டில் அளந்தால் பத்து கிலோமீட்டருக்குள்தான் வரும். அந்தத் தூரத்துக்குள் ஆறு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உயரம் இறங்கிவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் கூடும். மேலே ஸ்வெட்டர் போட்டு நின்ற அதே நாளில் கீழே சட்டை நனைகிறது. வெயிலில் காய்ந்த பாறைகள் மேல் பரந்து வழிந்து வரும் தண்ணீரும் விறைக்கும் குளிரை வழியிலேயே தொலைத்துவிடுகிறது. கும்பக்கரையில் உடம்பு ஏற்கும் இதத்துக்கு அது வந்துவிடும்.

இந்த வழியின் நடுவில் வெள்ளகவி என்ற மலைக்கிராமம் இருக்கிறது. கொடைக்கானல் நகரத்துக்கு முந்தைய ஊர். ஊரே கோயில் என்று நினைப்பதால் அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. கும்பக்கரையிலிருந்து வட்டக்கானலுக்கு நடந்து ஏறுகிறவர்கள் அந்த ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள்.

கும்பக்கரையில் பார்க்க வேண்டியது பாறை. யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம், அண்டா கெஜம் என்று அங்கே ஒவ்வொரு மடுவுக்கும் ஒரு பெயர். கெஜம் என்பதைக் கேட்டுக் கஜத்தை, அதாவது யானையை நினைக்கிறவர்கள் உண்டு. ஆற்றின் ஆழமான பகுதியைத் தென்மாவட்டங்களில் இன்றும் 'கசம்' என்கிறோம். பழந்தமிழில் ஆழ்ந்த நீர்நிலைக்குக் 'கயம்' என்று பெயர். கயம் கசமாகி, கசம் கெஜமாகியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உரல் கெஜம் என்ற பெயரில் நல்ல நிலவியலும் இருக்கிறது. தண்ணீர் குறைந்த ஒரு ஏப்ரல் காலையில் அங்கே ஒரு குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வாய் ஒரு குடத்தின் வாய் அகலம். உட்சுவர் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று இருந்தது. முழங்கை வரை போனதும் வாயைவிட வயிறு அகலமாக இருப்பது தெரிந்தது. அடியில் ஒரு பிடி கரடுமுரடான மணல், அதோடு எலுமிச்சம்பழ அளவில் மூன்று உருண்டைக் கற்கள். கோலிக்குண்டு போல அவ்வளவு உருண்டை. அந்தக் குழியைக் குடைந்த கருவிகள் அவைதான்.

பாறையில் ஒரு சிறு பள்ளம் இருந்தால் அதில் ஒரு கல் சிக்கும். வேகமாக வரும் நீர் அங்கே சுழலும், கல்லையும் சுழற்றும். ஆட்டுரலில் குழவி சுற்றுவது போலத்தான். கல் பாறையைத் தேய்க்கும், பாறை கல்லைத் தேய்க்கும். தேய்ந்து தேய்ந்து கல் மணலாகிப் போகும். அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். இப்படி எத்தனையோ ஆயிரம் மழைக்காலங்கள் அரைத்த உரல் அது. பாடப்புத்தகத்தில் இதற்குக் குடக்குழி என்று பெயர். பெயர் வைத்த ஊர்க்காரர்கள் பாடப்புத்தகத்துக்கு முன்பே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இந்த மலைத்தொடரின் முக்கியமான பாறை சார்னோக்கைட். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதை வைத்து 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பெயரைக் கொடுத்தார். சென்னைப் பல்லாவரத்துக் குன்றுகளும் இதே பாறைதான். அது எளிதில் பொடியாகாது. அதனால்தான் மெதுவாக, வழுவழுப்பாகத் தேய்கிறது, சேறு ஆவதில்லை. கும்பக்கரையில் அடிப்பாறை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இது.

இன்னொரு காரணம் மேலே இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும். சோலையின் அடியில் உதிர்ந்த இலையும் மட்கிய மண்ணும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடும். மழையில்லாத மாதத்தில் பாம்பாற்றில் ஓடுவது போன பருவத்தில் பெய்த மழைதான். தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் போன நூற்றாண்டில் புல்வெளிகளில் சீகை, தைல மரம், பைன் எல்லாம் நட்டார்கள். அந்தக் கசிவு குறைந்ததற்கு அந்த மரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வட்டக்கானலில் பாம்பாறு சோலையை மீட்பதற்காக நாட்டு மரக் கன்றுகளைப் பல ஆண்டுகள் பொறுமையாக வளர்த்து நட்டவர்கள் இருக்கிறார்கள். கீழே குளிக்கிற நாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

மேலே நடப்பது கீழே வந்து சேரும் என்பதற்கு வேதனையான சாட்சியும் இதே சோலையை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே போனது அம்பலமானதும் 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. ஏரி எல்லாவற்றையும் தன் வண்டலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓடும் ஆறு கீழே இருப்பவர்களிடம் ஒப்படைத்துவிடும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கும்பக்கரையில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். மேலே ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 5 கோடி லிட்டர். நாலாயிரம் லாரித் தண்ணீருக்கு மேல். கோடை மழை சட்டென்று கொட்டும்போது மண் குடித்தது போக மிச்சம் செங்குத்தான பள்ளத்தில் இறங்கிவிடும். கீழே வானம் நீலமாகத்தான் இருக்கும்.

நான் போன அன்றும் அப்படித்தான். காவலுக்கு நின்ற வனத்துறைப் பெரியவர் திடீரென விசில் அடித்தார். "மேல மூடிக்கிருச்சு தம்பி, ஏறுங்க, ஏறுங்க" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் பார்த்தது மலைமுகட்டை. பிறகு தண்ணீரைக் காட்டினார். சருகும் சுள்ளியும் மிதந்து வர ஆரம்பித்திருந்தன. கண்ணாடியாக இருந்த நீர் டீ நிறத்துக்கு மாறியது. சிறிது நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை காணாமல் போனது.

ஓடும் நீரின் தள்ளுவிசை வேகத்தின் இருமடியாகக் கூடும். வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. முழங்கால் ஆழத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரண்டு கால்களையும் தள்ளுவது ஏறத்தாழ 8 கிலோ எடையின் பலத்தோடு. நொடிக்கு மூன்று மீட்டர் என்றால் 72 கிலோ. வழுக்குப் பாறையில் பாசி மேல் நிற்கும் ஒருவரைச் சாய்க்க அதில் பாதி போதும்.

அருவி நேராக விழும் மடு இன்னொரு பொறி. அங்கே நுரையாகப் பொங்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்றால் அதன் அடர்த்தியும் அந்த அளவு குறையும். மனித உடல் சாதாரண நீரில்தான் மிதக்கும். நுரையில் மூழ்கும். நீச்சல் அங்கே எடுபடாது. பேத்துப்பாறைக்கு அப்பால் அஞ்சுவீடு அருவியில் இறங்கி உயிர் விட்டவர்கள் பலர். புல்லாவெளி அருவியில் 2022-இல் படம் எடுக்கப் போன இளைஞர் ஒருவர் பாறையிலிருந்து வழுக்கி விழுந்தார். அழகான இடங்கள்தான், தள்ளி நின்று பாருங்கள்.

பழனிப் பக்கம் இறங்குகிறவர்களுக்குச் சண்முகநதி இருக்கிறது. மலையின் வடசரிவு ஓடைகள் கூடி, அமராவதி வழியாகக் காவிரிக்குப் போகும் ஆறு. பாத யாத்திரை வந்தவர்கள் முங்கி எழும் படித்துறை அது. பாம்பாறு தென்சரிவில் இறங்குவதால் வைகையோடு சேர்ந்தது. வைகையின் புதுப்புனலில் ஊரே திரண்டு நீராடியதைப் பரிபாடல் பாடியிருக்கிறது. விடுமுறைக்கு ஆற்றுக்குப் போவது நமக்குப் புதிய பழக்கமல்ல. வரதமாநதி போன்ற அணைகளில் மட்டும் இறங்காதீர்கள். நீர் ஏறி இறங்கும் கரையில் வண்டல் படிந்திருக்கும். தரை என்று நம்பி வைக்கும் கால் இடுப்பு வரை போய்விடும்.

கொடைக்கானலுக்குப் போகும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. பாஸ் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், கும்பக்கரை அடிவாரத்தில்தான் இருக்கிறது. கிளம்பும் முன் குளிக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் கூடுவதால் காலையிலேயே போய்விடுங்கள். சோப்பும் ஷாம்பும் வீட்டில் இருக்கட்டும். விசில் கேட்டால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுங்கள்.